அணியத்தில் அமர்ந்தவள்

போங் ஞாவின் படகுத்துறையில் லுவாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால், அவளைப் பற்றிச் சொல்லும்படி எவரிடமும் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது, பேச்சு குறைவு, இருநூற்றுப் பதினேழாம் எண் படகின் அணியத்தில், அதாவது முன்முனைப் பலகையில், அமர்ந்து துடுப்புப் போடுபவள். அவ்வளவுதான். இருபத்துமூன்று ஆண்டுகளாக மலையடிக் குகைக்குள் போவதும் வெளியே வருவதுமாகவே அவளுடைய நாள்கள் கழிந்தன. பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அடுத்த முறைக்குக் காத்திருந்தாள்.

அவளுடைய கணவன் துயெத் முதலில் மரம் வெட்டுபவனாக இருந்தான். மலைகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, காட்டை நம்பியிருந்தவர்களெல்லாரும் கோடரியை வைத்துவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு படகு, ஓர் எண். அணியத்தில் ஒருவர், பின்முனையாகிய அமரத்தில் ஒருவர். இருவரும் ஒரே குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் விலகினால் ஒரு மாதத்துக்குள் அதே குடும்பத்திலிருந்து மற்றொருவர் வர வேண்டும். இல்லையெனில், எண் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். இந்த விதி இன்றும் மாறவில்லை.

அந்தத் தொடக்க நாள்களில் குகைக்குள் மின்விளக்கு கிடையாது. பயணிகளில் யாராவது எண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார்கள். அது அணைந்தால் இருட்டு. ஆகவே துயெத்தும் லுவாவும் வழியைத் துடுப்பு வீச்சால் அளந்துவைத்தார்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொள்ளும் தாழ்பாறையிலிருந்து, யானைக்கால் என்று படகுக்காரர்கள் அழைக்கும் தூண்வரை நூற்றுப் பன்னிரண்டு வீச்சு. அங்கே இடப்பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். ஆற்றில் நீர் ஒரு முழம் ஏறியிருந்தால் எதிர்நீரோட்டத்துக்காக ஆறு வீச்சைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருட்டில் அணியத்தில் இருப்பவர் எண்ணிச் சொல்வார். அமரத்தில் இருப்பவர் கேள்வி கேட்காமல் திருப்புவார். இது துறை முழுவதற்கும் பொதுவான வழக்கம். இருட்டுல ரெண்டு வாய் பேசுனா படகு யார் பேச்சைக் கேக்கும் என்பது துயெத்தின் வாதம்.

பின்னர் விளக்குகள் வந்தன. பச்சையும் நீலமுமாகப் பாறைகள் ஒளிர்ந்தன. தூண் கண்ணுக்கே தெரிந்ததால், எண்ணும் வழக்கம் லுவாவை விட்டு மெல்லப் போய்விட்டது. எண் மட்டும் அவளுடைய நினைவில் தங்கியது.

துயெத் கல்லீரல் நோயால் இறந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அவன் இருந்த அமரத்துக்கு அவனுடைய தங்கை மியென் வந்தாள். திருமணம் செய்துகொள்ளாதவள், அண்ணனுடைய குடும்ப அட்டையிலேயே பெயர் இருந்தவள், லுவாவைவிடப் பதின்மூன்று வயது இளையவள், வாய்த்துடுக்கு உடையவள். லுவாவின் மகன் தெற்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மணம் முடித்து, அட்டையிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டான். மீதம் இருந்தவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. ஒரே வீட்டில் உண்டார்கள். ஒரே படகில் போனார்கள். ஆனாலும், நாளின் பெரும்பகுதியில் இவர்களுக்கிடையே பன்னிரண்டு பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். மியெனுக்குத் தெரிந்ததெல்லாம் லுவாவின் முதுகு. லுவாவுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் இருந்த நீர்.

சென்ற புத்தாண்டுக்குச் சற்றுமுன் லுவாவின் இடத் தோள் இறுகத் தொடங்கியது. முதலில் வலி, பிறகு, கை மார்புக்கு மேல் எழ மறுத்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தான் விலகினால் அமரத்தில் இருக்கும் மியெனும் கரையேற வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில், வேறு எந்த வேலையும் கற்காத ஒருத்தி, அண்ணி தோளைக் காரணம் காட்டி உட்கார்ந்துவிட்டதால் எண்ணை இழந்தாள் என்று துறை பேசும். துயெத் இறந்த மறுவாரமே ஒரு சொல்லும் கேட்காமல் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு அதைச் செய்ய லுவாவுக்கு மனம் வரவில்லை.

ஆகவே மறைத்தாள். பின்னலிடக் கை எட்டாததால், வெக்கை தாங்கவில்லை என்று சொல்லி முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டாள். ஓலைத் தொப்பியை வலக்கையால் மட்டும் வைக்கப் பழகினாள். பச்சைத் தைலத்தை அள்ளித் தேய்த்தாள். துறையில் எல்லாரிடமும் அந்த மணம் வீசியதால், அது அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. குகைவாயிலில் படகின் மேற்கூரைத் தகட்டை இருவருமாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்குத்தான் அவள் அஞ்சினாள். நல்லவேளையாக, சில மாதங்களாகத் தகடு அணியத்தின் பக்கமாகவே சிக்கிக்கொண்டது. மியென் முணுமுணுத்தபடி முன்னே வந்து தானே தள்ளிவிட்டுப் போனாள். துருப்பிடித்திருக்கும் என்று எண்ணி, அந்தத் தகட்டுக்கு லுவா மனத்துக்குள் நன்றி சொன்னாள்.

களைப்பு மட்டும் மறையவில்லை. இரவெல்லாம் உறங்கினாலும் அது காலையில் அவளோடு எழுந்து, தேநீர் குடித்து, துறைக்கு வந்தது.

ஏழாம் சந்திர மாதத்தின் இருபதாம் நாள், நான்கு நாள் காத்திருப்புக்குப் பிறகு அவர்களுடைய முறை வந்தது. மேல்மலைகளில் மழை, ஆற்றில் நீர் ஒரு முழம் ஏறியிருந்தது. இன்னும் இரண்டொரு வாரத்தில் வெள்ளக்காலம் தொடங்கும், படகுகளைக் கட்டிவிடலாம் என்று லுவா எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருநூற்றுப் பதினாறாம் படகின் பாவ் வழக்கம்போல மியெனை வம்புக்கு இழுத்தான்.

“என்ன மியென், உங்க அண்ணி முடிய வெட்டிக்கிட்டாங்க. அடுத்து நீ மொட்டையடிச்சுக்கிட்டு மடத்துல சேரப்போறியா?”

“உன் படகுப் புகையத் தினம் குடிக்கிறதுக்கு மடமே மேல், அண்ணே. போறப்ப சொல்லிட்டுப் போறேன். வந்து வாசல் கூட்டு.”

பாவின் மனைவி அணியத்திலிருந்து திரும்பாமலேயே, அவரு வீட்டு வாசலையே கூட்டினதில்ல என்றாள். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. லுவாவும் சிரித்தாள், சிரித்தபோது தோள் வலித்தது.

அன்று அவர்களுக்குக் கிடைத்தவர்கள் பன்னிருவர். வின் நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அணியத்துக்கு அருகில் அமர்ந்தது: ஓய்வு பெற்ற முதியவர், அவருடைய மனைவி, மகள். முதியவர் நாற்பது ஆண்டுகள் ரயில்வே கேட்டில் விளக்குக் காட்டியவராம். படகு கிளம்பி ஐந்து நிமிடங்களுக்குள் இதை எல்லாருக்கும் தெரிவித்துவிட்டார். எத்தனை முறை உள்ளே போயிருப்பீர்கள், பாம்பு உண்டா, ஆழம் எவ்வளவு என்று அடுக்கிக் கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்விகள்தாம். லுவா எல்லாருக்கும் சொல்லும் விடைகளையே சொன்னாள். பிறகு அவர் வேறொன்று கேட்டார்.

“உள்ளே உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எதும்மா?”

“நான் மேல பாக்குறதில்லீங்க ஐயா. தண்ணியத்தான் பாப்பேன்.”

“இத்தனை வருஷத்துலயா?”

“தண்ணிய விட்டா படகு போயிடுமே.”

அவர் தலையசைத்தார். தாமும் நாற்பது ஆண்டுகளாக ரயிலைப் பார்த்ததேயன்றி அதில் இருந்தவர்களைப் பார்த்ததில்லை என்றார். அவருடைய மனைவி, இவரு வீட்டுலயும் அப்படித்தான் என்று மகளிடம் சொன்னாள்.

குகைவாயிலில் மியென் எஞ்சினை நிறுத்தினாள். தகடு சிக்கிக்கொண்டது, முன்னே வந்து தள்ளினாள், பின்னே போனாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பேச்சு அடங்கியது. துடுப்பு நீரில் விழும் ஓசை மட்டும் பாறைகளில் பட்டுத் திரும்பியது. தாழ்பாறை வந்ததும் பன்னிரண்டு தலைகளும் குனிந்தன. அவை நிமிர்ந்த கணத்தில் விளக்குகள் அணைந்தன. மலைக்கு அப்பால் எங்கோ இடி விழுந்து மின்சாரம் போயிருந்தது. வெளியே இருந்தவர்களுக்கு அது கேட்டதாம், உள்ளே கேட்கவில்லை.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு கைபேசிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. சில கூரையை நோக்கின. சில நேராக லுவாவின் கண்களில் அடித்தன. அந்தப் பளீரொளியில் அவளுக்கு நீர் தெரியவில்லை. எல்லாவற்றையும் அணைக்கும்படி அவள் கேட்டுக்கொண்டாள். அணியப் பெட்டியில் ஒரு டார்ச் இருந்தது. ஆனால், துடுப்புக்கு இரண்டு கைகளும் வேண்டும். அப்போது முதியவர் முன்னே சாய்ந்தார்.

“டார்ச் இருந்தாக் குடுங்கம்மா. நான் பிடிக்கிறேன். எனக்கு வேற என்ன தெரியும்?”

“வேணாங்க ஐயா. எனக்குக் கணக்குத் தெரியும்.”

அவள் அதைச் செருக்கோடு சொல்லவில்லை. ஆனால், சொன்ன பிறகு அவளுடைய முதுகு சற்று நிமிர்ந்தது. பல ஆண்டுகளாக ஒருவரும் அவளிடம் அந்தக் கணக்கைக் கேட்டதில்லை. அவள் உரக்க எண்ணத் தொடங்கினாள். குரல் இருட்டில் பரவியது, பயணிகள் அமைதியானார்கள், ஒரு குழந்தை கூடவே எண்ணிப் பார்த்து, ஐம்பதில் தவறவிட்டு நிறுத்திக்கொண்டது. நூற்றுப் பன்னிரண்டு வந்தது. நீர் ஏறியதற்காக இன்னும் ஆறு. நூற்றுப் பதினெட்டாம் வீச்சு முடிந்ததும் அவள் சொன்னாள்:

“ஒடி.”

ஒரு வீச்சளவு நேரம் அமரத்தில் அசைவில்லை. பிறகு, படகு இடப்பக்கம் திரும்பியது.

தூண் அங்கே இல்லை. தூணுக்கு நெடுந்தொலைவு முன்னால், திருப்பமே இல்லாத இடத்தில், அணியம் நேராகப் பாறைச்சுவரில் மோதியது. முன்முனைத் தகடு நசுங்கும் ஓசை குகையின் கோடிவரை போய்த் திரும்பி வந்தது. முதியவர் பலகையிலிருந்து சரிந்து முழங்காலில் விழுந்தார். அவருடைய மனைவியின் நெற்றி முன்னால் இருந்த கம்பியில் இடித்தது. வேறு யாருக்கும் அடியில்லை. கால் மணி நேரத்துக்குப் பின் விளக்குகள் எரிந்தபோது, படகு எங்கே இருக்கிறது என்பதை லுவா பார்த்தாள். யானைக்கால் தூண் இன்னும் இருபது வீச்சுக்கு அப்பால், பச்சை ஒளியில், எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது.

பயணிக்கு அடிபட்டால் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாக விளக்கம் தர வேண்டும். யார் தவறு என்று அதில் பெயரோடு இருக்க வேண்டும். முதியவருக்கும் அவருடைய மனைவிக்கும் உள்ளே கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். லுவாவும் மியெனும் வெளியே பாதாம் மரத்தடியில் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். லுவா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு எப்படித் தவறும் என்று திரும்பத் திரும்ப யோசித்தாள். பாறை நகரவில்லை, ஆறு நீளவில்லை. பிறகு, அவளுக்கு விளங்கியது. வீச்சுதான் குறுகிப்போயிருந்தது. கை எட்டிய தொலைவு குறைந்ததை மனிதர்களிடம் மறைத்துவிட்டாள். எண்ணிக்கையிடம் மறைக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் அந்த ஒரு வீச்சளவு நேரம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

“மியென், நான் ‘ஒடி’ன்னதும் நீ ஏன் சும்மா இருந்தே?”

மியென் காலணியின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். “கொஞ்ச நேரம்தானே இருந்தேன்.”

“ஏன் இருந்தே?”

“இடம் வரலை. அதான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நானும் எண்ணுவேன், அண்ணி. பின்னாடி உக்காந்து வேற என்ன செய்யச் சொல்றீங்க? உங்க முதுகுதான் தெரியுது. அது அசையறத எண்ணிக்கிட்டே வருவேன். புத்தாண்டுக்கு முந்தி நூத்திப் பதினஞ்சு. இப்ப நூத்தி முப்பத்திரெண்டு. தண்ணி ஏறினா நூத்தி முப்பத்தெட்டு.”

கூரைத் தகடு சிக்கிக்கொள்ளத் தொடங்கியதும் புத்தாண்டுக்குப் பிறகுதான் என்பது லுவாவுக்கு அப்போது தோன்றியது. அதில் துருவை அவள் ஒருபோதும் பார்த்ததில்லை.

“தப்புன்னு தெரிஞ்சும் ஒடிச்சியா?”

“நீங்க சொன்னீங்க.”

“அதுக்காகவா?”

மியெனுடைய குரல் தாழ்ந்தது. “பன்னெண்டு பேர் கேக்க, ‘அண்ணி, உங்க கை போச்சு, கணக்குத் தப்பு’ன்னு பின்னாடியிருந்து கத்தணுமா நான்? அந்தக் கணக்கு எங்கண்ணன் போட்டது. நீங்க எவ்ளோ சந்தோஷமா எண்ணுனீங்க. ஒரு இடி இடிச்சா தகடு நசுங்கும், அவ்ளோதான்னு நெனச்சேன். அந்தப் பெரியவர் விழுவார்னு நெனைக்கலை.”

மரத்திலிருந்து ஓர் இலை இருவருக்கும் நடுவே விழுந்தது. மியென் அதை எடுத்து மடித்தாள். பிறகு, முன்பே தீர்மானித்து வைத்திருந்ததைப்போலப் பேசினாள். அமரத்தின் தவறு என்று தான் எழுதிக்கொடுத்துவிடுவதாகவும், மூன்று மாதம் ஒதுக்கி வைப்பார்கள் என்றும், அந்த மூன்று மாதமும் வெள்ளக்காலம் என்றும், படகு எப்படியும் கட்டிக்கிடக்கும் என்றும் சொன்னாள். தண்ணீர் வடிந்ததும் பழையபடி போகலாம். அதற்குள் தோளுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் இழப்பில்லை.

அது உண்மைதான். லுவா எவ்வளவு யோசித்தும் அதில் ஓட்டை தென்படவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எண் இருக்கும், மியென் இருப்பாள், எதுவும் மாறாது. தைலம், தொப்பி, சிக்கிக்கொள்ளும் தகடு எல்லாம் அப்படியே தொடரும். அந்த எண்ணமே அவளை மேலும் களைப்படையச் செய்தது.

“மறுபடியும் விளக்குப் போயி, நான் தப்பாச் சொன்னா, நீ ஒடிப்பியா?”

மியென் இலையை இன்னொரு முறை மடித்தாள்.

உள்ளே மேற்பார்வையாளன் குவோங் மேசைக்குப் பின்னால் இருந்தான். அவனும் ஆற்றங்கரையில் வளர்ந்தவன்தான். இருவரையும் அத்தை என்றே அழைப்பான். முதியவர் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று குவோங் முதலில் அவரைக் கேட்டான்.

“குறை சொல்லலை தம்பி. இருட்டுல எதுவும் நடக்கும். நான் விளக்குப் பிடிக்கிறேன்னு கேட்டேன். அவங்க, வேணாம், கணக்குத் தெரியும்னாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

குவோங் தாளை எடுத்து முன்னால் வைத்தான். எங்கே திருப்ப வேண்டும் என்று யார் சொன்னது, யார் திருப்பியது என்று கேட்டான். மியென் ஓரடி முன்னே வந்தாள்.

“அண்ணி சொல்றதுக்கு முன்னாடியே நான் ஒடிச்சிட்டேன். என் தப்பு. எழுதிக்கோ, கையெழுத்துப் போடுறேன்.”

அவன் பேனாவைத் திறந்தான்.

“எழுதாதே, குவோங்,” என்றாள் லுவா.

அவள் ஓலைத் தொப்பியைக் கழற்றி வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடக்கையை உயர்த்தினாள். அது மார்புவரை எழுந்து, அங்கே நடுங்கி, நின்றது. அவள் மேலும் முயன்றாள். முகம் வெளுத்தது, கை எழவில்லை. அறையில் இருந்த எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மியென் மட்டும் தரையைப் பார்த்தாள்.

“இது இவ்ளோதான் வரும். எட்டு மாசமா இப்படித்தான். சொல்லாம இருந்தேன். கணக்கைத் தப்பாச் சொன்னவ நான். அவ நான் சொன்னதைத்தான் செஞ்சா. வழக்கம் அதுதானே? ஐயா விளக்குப் பிடிக்கிறேன்னதையும் நான்தான் வேணாம்னேன். என் பேரை எழுது.”

குவோங் பேனாவைக் கீழே வைத்தான். கை எழவில்லை என்று எழுதினால் அவள் விலக வேண்டியிருக்கும், எண்ணும் போய்விடும், தெரியுமா என்று மெதுவாகக் கேட்டான். தெரியும் என்றாள். முதியவர் சங்கடத்தோடு, தாம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றார். நீங்கள் நடந்ததைத்தானே சொன்னீர்கள் என்று லுவா அவரைத் தேற்றினாள். பின்னர், துடுப்பாளர் அட்டையைக் கழுத்திலிருந்து வலக்கையால் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மியென் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், தைலத்தை எடுத்து வந்து லுவாவின் தோளில் எலும்பு நோகும்படி தேய்த்தாள். பேச்சு மட்டும் இல்லை. பத்தாம் நாள் காலையில், சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“என்னைக் கேட்டிருக்கலாம் நீங்க.”

“கேட்டேனே, மரத்தடியில.”

மியென் யோசித்தாள். “ஆமா. கேட்டீங்க,” என்றாள். அத்துடன் அது முடிந்தது.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவன் வருந்தினான், வர இயலாது என்றான். ஒரு மாதம் கழிந்தது. இருநூற்றுப் பதினேழாம் எண், பட்டியலில் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த ஓர் இளந்தம்பதிக்குப் போயிற்று. அந்த வாரமே வெள்ளம் வந்தது. ஊரே பீப்பாய்களின்மேல் கட்டிய மிதவை வீடுகளில் ஏறிக்கொண்டது. லுவாவும் மியெனும் இரண்டு பன்றிகளோடும் ஓர் அரிசி மூட்டையோடும் பதினேழு நாள்கள் மிதந்தார்கள். நீர் வடிந்தபின் சேற்றை வழித்துத் தள்ளினார்கள். மியென் துறைக்கருகில் தடித்த அரிசி நூடுல்ஸ் சூப் விற்கத் தொடங்கினாள். முதல் வாரம் உப்பு மிகுந்திருந்தது என்று பாவ் ஊரெல்லாம் சொன்னான். ஆனாலும் நாள்தோறும் வந்தான். கரையில் உட்கார்ந்திருப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்பதை மியென் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால், அதற்காக அவள் லுவாவைக் குத்திக்காட்டியதும் இல்லை.

எண் கைமாறினால், புதியவர்களின் முதல் பயணத்தில் பழையவர்களை நடுப்பலகையில் உட்காரவைத்து அழைத்துச் செல்வது துறையின் வழக்கம். புத்தாண்டுக்குப் பின், குகை மீண்டும் திறந்த மூன்றாம் நாள், அந்த இளந்தம்பதி வந்து அழைத்தார்கள். லுவாவுக்குப் போக விருப்பமில்லை. மியென்தான், சும்மா உக்காந்துட்டு வரப்போறோம், அதுக்குமா அலுப்பு என்று கிளப்பினாள்.

படகின் நடுவே, பயணிகளுக்கு மத்தியில், இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள். பதினோர் ஆண்டுகளில் அவர்கள் ஒரே படகில் ஒரே பலகையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று லுவாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் மடியில் வைத்துக்கொண்டாள். நசுங்கிய முன்முனையைப் புதியவர்கள் தட்டி நேராக்கி, சாயம் பூசியிருந்தார்கள்.

“இன்னிக்காவது மேல பாருங்க,” என்றாள் மியென். “அந்தப் பெரியவர் கேட்டாரே, எந்த இடம் பிடிக்கும்னு.”

பார்க்கத்தான் போவதாக லுவா சொன்னாள். குகைவாயிலில் எஞ்சின் நின்றது. கூரைத் தகடு ஒரே தள்ளலில், சிறிதும் சிக்காமல், பின்னே போயிற்று; லுவா மியெனைத் திரும்பிப் பார்த்தாள்; மியென் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்த காற்று வந்தது. துடுப்பு சீராக விழுந்தது. தாழ்பாறையில் எல்லாரும் குனிந்தபோது லுவாவும் குனிந்தாள். நீரைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை; எண்ண வேண்டிய தேவையும் இல்லை. படகு அவள் இன்றியே போய்க்கொண்டிருந்தது.

பாறையைக் கடந்து எல்லாரும் நிமிர்ந்தார்கள். கைபேசிகள் கூரையை நோக்கி உயர்ந்தன. பின்னால் யாரோ வியந்து மூச்சிழுத்தார்கள். மியென் பழக்கத்தால் புதியவளுடைய முதுகைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பதைத் தாண்டும்போது தன் தோளில் ஏதோ கனமாகச் சாய்வதை உணர்ந்தாள். லுவா உறங்கிவிட்டிருந்தாள். வாய் சற்றே திறந்திருந்தது. கழுத்தளவு முடியில் பச்சை ஒளி விழுந்தது.

எதிர்ப்பலகையில் இருந்த பெண், அம்மாவை எழுப்புங்கள், இதெல்லாம் பார்க்க வேண்டாமா என்று கைகாட்டிக் கேட்டாள்.

“இருக்கட்டும்,” என்றாள் மியென். “அவங்க நெறைய தடவை வந்திருக்காங்க.”

தலை சரிந்துவிடாதபடி தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அவள் எண்ணத் தொடங்கினாள். தூண் வந்தது, நூற்றெட்டு. படகு இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. லுவா விழிக்கவில்லை.